குளியலறை டைல்ஸ் இடுக்கில் வெடிப்பு: மேலேயே பூசலாமா?

கேள்வி (கானாடுகாத்தான்):
எங்கள் பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் (இரண்டாம் முற்றப் பகுதியில்) ஆறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய குளியலறையில், டைல்ஸ் இடுக்குகளில் நிரப்பிய வெள்ளைச் சிமெண்ட் கதவருகே வெடித்து, தொட்டாலே தூளாக உதிர்கிறது. அதன் மேலேயே மீண்டும் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். அது நிற்குமா?

மறுமொழி (காரைக்குடி):
நிற்காது, ஐயா. முதலில் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸ் கல்லையும் தட்டிப் பாருங்கள். வெற்றோசை கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை என்று பொருள், அந்தக் கல்லைப் பெயர்த்துப் பதிக்காமல் எத்தனை முறை பூசினாலும் வெடிக்கும். கற்கள் உறுதியாக இருந்தால், பழைய பூச்சைக் கல்லின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்காவது ஹேக்சா பிளேடுத் துண்டால் சுரண்டி எடுத்து, தூசியைத் துடைத்து, பற்பசைப் பதத்தில் குழைத்த கிரவுட்டை (இடுக்கு நிரப்பும் சிமெண்ட் கலவையை) ரப்பர் கரண்டியால் மூலைவாட்டில் அழுத்தி நிரப்பச் சொல்லுங்கள். தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். நம் கொத்தனார்களுக்கு இதில் தாராளக் கை.

மறுமொழி (தேவகோட்டை):
தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் சிமெண்ட் வேண்டாம், அசைவைத் தாங்கும், ரப்பர் போல நெகிழும் சிலிகான் பசை போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கதவருகே இரண்டு கற்கள் வெற்றோசை தருகின்றன. படிந்த கறையை ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

மறுமொழி (காரைக்குடி):
வேண்டவே வேண்டாம். புதுப் பூச்சையும் அரிக்கும். வெளியே வழிந்து, நம் பக்கத்து வீடுகளின் பூப்போட்ட தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல்லில் பட்டால், அதுவும் சிமெண்ட்தானே, மேல் வண்ணம் போய்விடும். எங்கள் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஒரு கல்லின் பூ அப்படித்தான் வெளுத்துக் கிடக்கிறது. ஆச்சி இன்றும் அதன் மேல் பாய் விரித்து மறைக்கிறார்.