கிழக்கு வீட்டுக்காரர் ஆட்சேபம்: 5 சென்ட்ல மாடி எடுக்க முடியுமா?

கேள்வி (திங்கள்நகர் பக்கம்):
பேரூராட்சி எல்லைக்குள்ள 5 சென்ட் வஸ்து (மனை). அப்பா கட்டின வீடு சுமார் 900 சதுர அடி. தம்பிக்குக் கல்யாணம் வருது, அதனால பின்னால ரெண்டு முறி (அறை) கூட்டி, மேல முழு மாடியும் எடுக்கணும். கிழக்கு வீட்டு மாமா பேரூராட்சியில மனு கொடுத்திட்டார். "அடுக்களைக்கு வெளிச்சம் போயிரும், கையெழுத்து போட மாட்டேன்"ங்கிறார். அவர் சம்மதம் இல்லாம அனுமதி கிடைக்காதா? இத்தனை வருஷம் ஒண்ணா இருந்தவங்க, அம்மாவுக்கு ரொம்ப வெசனம்.

பதில் (கட்டட இன்ஜினியர், மார்த்தாண்டம்):
தம்பி, வீட்டு பிளானுக்கு அண்டை வீட்டார் சம்மதம் தேவையில்ல. 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பார்க்கிறது ரோட்டு அகலம், உயரம், சுத்தி விடுற இடம், எஃப்.எஸ்.ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு). 5 சென்ட்னா 2178 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ 2, அதனால பழசும் புதுசும் சேர்த்து 4356 வரை கணக்குல வரும். ஆனா பக்க இடைவெளி விட்டா அவ்வளவு கிடைக்காது, அங்கதான் பெரும்பாலான பிளான் மாட்டும். பழைய சுவர் மதிலை ஒட்டி இருந்தா, அதே கோட்டுல மாடியை ஏத்தலாம்னு கொத்தனார் சொல்றதை நம்பாதீங்க.

2024 ஜூலையில வந்த சுயசான்று முறையில சீக்கிரம் முடியும்னு சிலர் சொல்வாங்க. நேர்ல வந்து பார்க்காம கிடைக்கிற அனுமதி அது. மனு நிக்கிற இடத்துல நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பதில் (வழக்கறிஞர், இரணியல்):
வெளிச்சத்துக்கு உரிமை உண்டுதான், ஆனா சும்மா வந்திராது. 1882 வசதியுரிமைச் சட்டத்துல 15வது பிரிவுப்படி, அந்த ஜன்னல் வழியா 20 வருஷம் தடையில்லாம வெளிச்சம் அனுபவிச்சிருக்கணும். அதுக்கப்புறமும் கொஞ்சம் இருட்டினாப் போதாது, கணிசமான பாதிப்புன்னு காட்டணும். அவர் வீடு எப்போ கட்டினது?

கேட்டவர்:
2011ல. அடுக்களை அப்போ இருந்தே அங்கதான்.

வழக்கறிஞர்:
அப்ப 20 வருஷம் ஆகல. ஆனாலும் தடை உத்தரவு கேட்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போகலாம். நீங்க முந்தியே கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) போட்டு வையுங்க. 90 நாள் வரை, உங்களைக் கேட்காம இடைக்காலத் தடை வராது.

பதில் (குளச்சல், இல்லத்தரசி):
அந்த மாமா பக்கத்தையும் கேளுங்க மக்களே. எங்க பக்கத்துல மாடி எடுத்தப்போ சன்ஷேடை எங்க மதிலுக்கு மேல நீட்டிட்டாங்க. ஆனி ஆடியிலயும் ஐப்பசியிலயும் அவங்க மட்டுப்பா (மொட்டை மாடி) தண்ணி முழுக்க எங்க முற்றத்துலதான் விழுந்துச்சு. அனுமதி வாங்கின பிளான்ல அது இல்லவே இல்ல. எங்களுக்கு வெளிச்சம் போனது பொறுத்துக்கிட்டோம், தண்ணியைத்தான் தாங்க முடியல.

இன்ஜினியர்:
அக்கா சொல்றதுதான் முதல் வேலை. குழாய் வச்சு தண்ணியை உங்க வஸ்துக்குள்ளயே இறக்குங்க, மழைநீர் சேகரிப்பும் வேணும். அதுக்கு முன்னாடி சர்வேயர் வச்சு எல்லையை அளங்க. பிரமாணத்துல (பத்திரத்துல) ஒண்ணும் தரையில ஒண்ணுமா இருந்தா, தூண் எழும்பின பிறகு சரி பண்ண முடியாது. அளக்கும்போது மாமாவையும் கூப்பிட்டு நிறுத்துங்க.

கேட்டவர்:
அளவைக்கு மனு போடுறேன். கிழக்குப் பக்கம் வரைஞ்ச மாடிப்படியைத் தெற்கே மாத்த முடியுமான்னு இன்ஜினியர்கிட்ட கேட்கப் போறேன். அந்த வரைபடத்தோட மாமா வீட்டுக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போறோம்.