வகுப்பறையில் சாதி நாடகமா?

வல்லைவெளியான்:
நேற்று இங்கே ஒரு ரீச்சர் எழுதியிருந்தா. தரம் 10 பிள்ளைகளை வைத்துத் தேத்தண்ணிக்கடை நாடகம் போட்டாவாம், கடைக்காரர் சாதி பார்த்து ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் கிளாசில் இல்லாமல் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தாராம், அதோடு பிள்ளைகளுக்கு மற்றவரை மதிக்கிற குணம் வந்துவிட்டதாம். யாழ்ப்பாணத்துக் கடைகளில் கொடுத்தது சோடாப் போத்தலில். சிரட்டை இல்லை. என் கண்ணால் கண்டது. இதுகூடத் தெரியாமல் என்னத்தைப் படிப்பிக்கிறீர்கள்?

நாடக ரீச்சர்:
ஐயா, எங்கட பக்கம் சிரட்டைதான், அம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். "குணம் வந்துவிட்டது" என்று நான் எழுதவே இல்லை. நடந்ததைத்தான் எழுதினேன். கடைக்காரராக நின்ற பெடியன் சிரட்டையை வாங்கில் வைத்துவிட்டுக் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். அது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை "நிப்பாட்டு" என்று எழும்பி வந்து, கடைக்காரர் இடத்தில் நின்று கிளாசில் ஊற்றிக் கொடுத்தாள். உடனே மற்ற வாடிக்கையாளர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். அவள் வெறும் கடையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அடுத்த பாட மணி அடித்த பிறகும் அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு போனார்கள். பார்வையாளர் உள்ளே வந்து கதையை மாற்றிப் பார்க்கிற இந்த முறை பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் வளர்த்தது.

ஸ்காபரோ அண்ணை:
போத்தல்தான். அப்பாவும் அதைத்தான் சொல்லுவார். இலங்கையில் தீண்டாமைக்கு எதிராக 1957 இலேயே சட்டம் வந்துவிட்டது, இப்ப ஏன் அந்தக் குப்பையைக் கிளறுகிறீர்கள்?

சுன்னாகத்துப் பெடியன்:
சட்டம் வந்தது 1957. மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச்சொல்லித் தாழ்த்தப்பட்ட சனம் போராடியது 1968. 11 வருசம் அந்தச் சட்டம் என்ன செய்தது அண்ணை? அந்தப் போராட்டத்தை வைத்துத்தான் 'கந்தன் கருணை' நாடகம் வந்தது, காத்தவராயன் கூத்துப் பாணியில். எங்கட நாடகம் இந்தக் கதையைப் பேசுவது ரீச்சரோடு தொடங்கின வேலையில்லை.

வல்லைவெளியான்:
அது பெரியவர்கள் போட்ட நாடகம். இது வகுப்பறை. அந்தச் சமூகத்துப் பிள்ளை ஒன்று அங்கே இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு இருக்கும், அதை ஒருதரும் யோசிக்கவில்லை. அதுவும் போத்தலைச் சிரட்டையாக்கி.

நாடக ரீச்சர்:
யோசித்தேன். நீ ஆர், எந்தப் பகுதி என்று ஒரு பிள்ளையிடமும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தேன். ஊர்ப் பெயர், குடும்பப் பெயர் ஒன்றும் இல்லை. முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரைச் சொல்லிப் பாத்திரத்தை விட்டு வெளியே வந்தார்கள். தலை குனியிற பிள்ளை நாடகம் போடாவிட்டாலும் குனிந்துகொண்டுதான் இருக்கு. நீங்கள் அதைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். சிரட்டைக்குப் பதில் போத்தல் வைத்தால் உங்களுக்குச் சம்மதமா? அதற்குப் பதில் சொல்லுங்கோ.

கொட்டடி வாசி:
சாதியோடு ஏன் நிற்கிறீர்கள்? 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினார்களே, அதை எந்த வகுப்பில் நடிப்பீர்கள்? தைரியம் இருக்கா?

நாடக ரீச்சர்:
போடத்தான் வேணும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரோடு கதைக்காமல் போடமாட்டேன்.

ஸ்காபரோ அண்ணை:
எல்லாத்தையும் பிள்ளைகளின் தலையில் கட்டுங்கோ.

சுன்னாகத்துப் பெடியன்:
உங்கட ஊருக்கு அங்கே கனடாவில் ஏன் இரண்டு ஊர்ச்சங்கம் அண்ணை? சாதிக்கு ஒன்றா?

ஸ்காபரோ அண்ணை:
அது வேற பிரச்சினை. அதை இதுக்குள் இழுக்காதை.

வல்லைவெளியான்:
போத்தல். வேணுமென்றால் என் வயதுக்காரர் யாரையும் கேளுங்கோ.