மூன்று தொகுதி வரலாறு, ஆறு தொகுதிகளாக: இடையில் வைத்துக் கட்டிய கடிதங்களைப் பிரிக்கலாமா?

கித்தாக்காட்டு வாசகர் (சுங்கை சிப்புட், பேராக்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் தந்தையார் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக)ப் பணியாற்றினார். அத்தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை நாடு திரும்பியபோது, பங்களாவிலிருந்த புத்தகங்களில் ஒரு பகுதியை, வாசிப்பில் நாட்டமுள்ளவர் என்பதால் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார். அவற்றுள் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸைப் பற்றி அவருடைய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறும் ஒன்று.

அந்நூல் 1872 முதல் 1874 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது என்று அறிகிறேன். எங்களிடமுள்ளதோ பெரிய அளவில், தோல் முதுகுடன் கட்டப்பட்ட ஆறு தொகுதிகள். தலைப்புப் பக்கங்கள் இந்த ஆறு தொகுதிகளுக்கென்றே தனியாக அச்சிடப்பட்டவை போல் தெரிகின்றன. நூலின் ஒவ்வொரு தாளும் அதைவிடப் பெரிய தாளின் நடுவே பதிக்கப்பட்டிருக்கிறது. இடையிடையே எழுத்தாளர்கள் தாக்கரே, கார்லைல், நடிகர் மெக்ரெடி, ஓவியர் மெக்லீஸ் ஆகியோரின் உருவப்படங்களும், நாடக அறிவிப்புத் தாள்களும், கையெழுத்துக் கடிதங்களும் வைத்துக் கட்டப்பட்டுள்ளன. சில கடிதங்களில் டிக்கன்ஸின் கையொப்பமே காணப்படுகிறது.

பார்க்க வந்த பழம்பொருள் வணிகர் ஒருவர், புத்தகத்துக்குப் பெரிய விலை இல்லை என்றும், கடிதங்களையும் படங்களையும் தனித்தனியே வெட்டி எடுத்துச் சட்டமிட்டு விற்பதே இலாபம் என்றும் கூறினார். தம்பிக்கும் அந்த எண்ணம் இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு விவரம் தெரியவில்லை. இது எவ்வகை நூல், கடிதங்கள் உண்மையானவையா என்று அறிவது எப்படி, நம் ஊர் ஈரக்காற்றில் இதைக் காப்பது எப்படி என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பழநூல் அன்பர் (ஈப்போ) எழுதியது:

ஐயா, உங்கள் மனம் ஒப்பாததற்கு நல்ல காரணம் இருக்கிறது. உங்களிடமிருப்பது, ஒருவர் தாமாகவே படங்களும் கடிதங்களும் தேடிச் சேர்த்து விரிவாக்கிக் கட்டிய ஒற்றைப் பிரதி. அதே நூலை வேறொருவரும் இப்படி விரிவாக்கியிருக்கலாம். ஆனால் உங்கள் ஆறு தொகுதிகளுக்கு ஈடான இன்னொரு பிரதி உலகில் எங்கும் இருக்க முடியாது.

இந்த வழக்கத்தின் தொடக்கம் இங்கிலாந்தில். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஷிப்லேக் என்னும் சிற்றூரில் மதகுருவாக இருந்த ஜேம்ஸ் கிரேஞ்சர், அச்சு உருவப்படங்கள் எவரெவருக்கு உள்ளன என்பதை வரிசைப்படுத்தி, இங்கிலாந்தின் வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு ஒன்றை 1769இல் வெளியிட்டார். அவர் தம் நூலில் படங்களைச் சேர்க்கவில்லை. எந்தப் படம் எங்கே பொருந்தும் என்பதையே காட்டினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு படம் தேடியவர்கள் பெருகவே, பழைய உருவப்படங்களின் விலை ஏறியது. ரிச்சர்ட் புல் என்பவர் கிரேஞ்சரின் நூலையே ஆயிரக்கணக்கான உருவப்படங்களால் நிரப்பிய பிரதி இன்று கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. அதே நூலகத்திலுள்ள, கிட்டோ பைபிள் எனப்படும் பைபிள் பிரதி, சேர்க்கைகளால் 60 தொகுதிகளாக விரிந்தது. அலெக்சாண்டர் சதர்லண்ட் என்பவர் 1795இல் தொடங்கி, அவர் மறைந்த பின் மனைவி சார்லட் தொடர்ந்து முடித்த கிளாரண்டன், பர்னெட் ஆகியோர் எழுதிய இங்கிலாந்து வரலாற்று நூல்கள் 61 பெருந்தொகுதிகளாக வளர்ந்தன. 1837இல் அந்த அம்மையார் அவற்றை ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொடையாக அளித்தார். கணவர் மறைந்த பிறகு பல ஆண்டுகள் அதே பணியைத் தொடர்ந்த அந்தப் பெண்மணியின் உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

வாழ்க்கை வரலாறுகள் இந்த முறைக்கு மிகவும் ஏற்றவையாக இருந்தன. ஏனெனில் ஒருவரின் வரலாற்றில் பக்கத்துக்குப் பக்கம் புதிய மனிதர்கள் நுழைகிறார்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முகமும் ஒரு கையெழுத்தும் இருக்கின்றன. ஃபார்ஸ்டரின் நூல் சேகரிப்பாளர்கள் விரும்பி விரிவாக்கியவற்றுள் ஒன்று. நீங்கள் கூறிய, தாளின் நடுவே தாளைப் பதிக்கும் வேலை மிகத் தேர்ந்த கைத்திறன். பெரிய தாளில் நூலின் தாளைவிடச் சற்றே சிறிய சன்னலை வெட்டி, இரு தாள்களின் விளிம்புகளையும் கத்தியால் சீவி மெலிதாக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்தச் சிறு ஓரத்தில் மட்டும் மாவுப்பசை தடவி ஒட்டுவார்கள். நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் மேடு தட்டாது.

இப்போது தம்பியிடம் சொல்ல வேண்டியது. ஒரு கடிதம் எந்தப் பக்கத்துக்கு எதிரே வைக்கப்பட்டிருக்கிறது என்பதே ஒரு சான்று. டிக்கன்ஸின் 1842 அமெரிக்கப் பயணத்தைப் பேசும் அதிகாரத்துக்கு எதிரே ஒரு கடிதம் இருந்தால், அதை அங்கே வைத்தவர் கடிதத்தைப் படித்து, ஆண்டைக் கணித்து, அதில் பெயர் வரும் ஆட்களை அடையாளம் கண்டு, அதன் பிறகே அவ்விடத்தைத் தேர்ந்திருக்கிறார். ஆண்டு குறிக்காமல் கிழமையும் தேதியும் மட்டும் எழுதிய கடிதங்களுக்கு அந்தத் தேர்வே சில வேளைகளில் எஞ்சியிருக்கும் ஒரே துப்பு. வெட்டி எடுத்துச் சட்டமிட்ட மறுநாளே அந்தத் துப்பு போய்விடும். பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதை மீட்க முடியாது. எஞ்சும் நூலோ கட்டுத் தளர்ந்து, நடுநடுவே வெட்டுண்ட அடித்தாள்களுடன், எவரும் வாங்காத பொருளாகிவிடும்.

தாள்நலம் (தைப்பிங்) எழுதியது:

நூல், ஆவணப் பராமரிப்பில் பல காலம் பணியாற்றியவள் என்ற முறையில், உண்மைத்தன்மை பற்றியும் பாதுகாப்பு பற்றியும் எழுதுகிறேன்.

ஐயா, முதலில் கடிதங்களைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் புகழ்பெற்றோரின் கடிதங்களைக் கல்லச்சில் (கல்லின் மேல் வரைந்து அச்சிடும் முறையில்) நகலெடுத்துச் சேர்ப்பது வழக்கம். அத்தகைய நகல் தாள்களையே உண்மைக் கடிதம் என்று நம்பி வாங்கியவர்கள் பலர். கல்லச்சு நகலில் மை எங்கும் ஒரே அடர்த்தியில் இருக்கும்; பேனாவை மையில் தோய்த்த இடத்தில் அடர்ந்து, போகப் போக வெளிறும் ஏற்ற இறக்கம் இராது. உண்மைக் கடிதத்தில் இரும்புச் சத்துள்ள பழைய மை பழுப்பாகி, தாளின் பின்புறமும் நிழலாகத் தெரியும். மடிப்புக் கோடுகள், அரக்கு முத்திரை பிய்ந்த தழும்பு, தபால் முத்திரை ஆகியவற்றையும் தேடுங்கள். பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் 1840இல் வந்தது. அதற்கு முன் தாளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் கூடியதால், தனி உறையிடாமல் கடிதத் தாளையே மடித்து அரக்கிட்டு அனுப்புவதே பெருவழக்கு. எனவே 1830களின் கடிதம் ஒன்றில் முகவரியும் அதே தாளில் இருந்தால், அது பொருத்தமான அடையாளம். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க முடிந்தால் நீர்க்குறியையும் பாருங்கள். பல ஆங்கிலத் தாள்களில் ஆலையின் பெயருடன் ஆண்டும் இருக்கும். கடிதத்தின் தேதிக்குப் பிந்திய ஆண்டு நீர்க்குறியில் இருந்தால், அது உண்மைக் கடிதம் அல்ல; வேறு ஆய்வே வேண்டியதில்லை.

டிக்கன்ஸின் கையெழுத்தைப் பற்றிச் சில செய்திகள் உதவக்கூடும். தேதியின் எண்ணைப் பல வேளைகளில் அவர் எழுத்தாலேயே எழுதினார். பிற்காலத்தில் நீல மையை விரும்பிப் பயன்படுத்தினார். கையொப்பத்தின் கீழே சுழித்துச் சுழித்துப் பல கோடுகள் இழுப்பார். அவர் எழுதியவற்றுள் 14,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் 12 தொகுதிகளாக 1965 முதல் 2002 வரை பதிப்பிக்கப்பட்டன. அதன் பிறகு கிடைப்பவற்றை இங்கிலாந்திலுள்ள டிக்கன்ஸ் கடிதத் திட்டம் இணையத்தில் வெளியிட்டு வருகிறது. உங்கள் கடிதங்களின் தெளிவான படங்களை அவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். மாறாக, பிறர் டிக்கன்ஸுக்கு எழுதிய கடிதம் ஏதேனும் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. 1860 செப்டம்பரில் தம் கேட்ஸ் ஹில் வீட்டின் பின்புறம், தமக்கு வந்திருந்த கடிதங்களை எல்லாம் அவர் குவித்து எரித்துவிட்டார். ஆகவே அதற்கு முற்பட்டவை அரிதாகவே எஞ்சியுள்ளன.

உருவப்படங்களுக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். செப்புத் தகட்டிலோ எஃகுத் தகட்டிலோ செதுக்கி அச்சிட்ட படத்தில் நுண்ணிய கோடுகள் தெரியும். ஓரங்கள் வெட்டப்படாமல் இருந்தால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளமும் இருக்கும். வரிசையான புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு.

பாதுகாப்பில் முதல் எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். நம் நாட்டில் வெளிக்காற்று 80 விழுக்காட்டைத் தொடுவது அன்றாடம். இரவில் குளிர்சாதனத்தை ஓடவிட்டுப் பகலில் நிறுத்துவது, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கெடுதலாகலாம்; ஏறி இறங்கும் ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கி, ஒட்டிய விளிம்புகள் விடுபடும். இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் வைத்து, 50 விழுக்காட்டை ஒட்டி நிலையாக வைத்திருக்க முயலுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் விலக்கி வையுங்கள். தோட்டப் புறங்களில் கரையான் சுவர் வழியாகத்தான் ஏறுகிறது. தொகுதிகளைப் படுக்கை வாட்டில் வையுங்கள். சேர்க்கைகளால் பருத்த நூலை நிற்க வைத்தால் உள்ளிருக்கும் கனம் முதுகை இழுத்துப் பிளக்கும். அதே காரணத்தால் பக்கங்களுக்கிடையே புதிதாக மெல்லிய தாள் செருக வேண்டாம். அந்துருண்டை வேண்டாம். செலோடேப், லேமினேட் இரண்டும் அறவே வேண்டாம். பூச்சி அரித்த அடையாளம் கண்டால் மருந்து தெளிக்காமல் முதலில் தனிமைப்படுத்திவிட்டு, கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஆலோசனை கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை (தெலுக் இந்தான்) எழுதியது:

பழநூல் அன்பர் சொன்னதை ஏற்றுக்கொண்டே ஒரு மறுப்பையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இத்தகைய தொகுதிகளை உருவாக்க எத்தனையோ வேறு நூல்கள் படம் பிடுங்கப்பட்டுச் சிதைந்தன. கடிதக் கட்டுகள் கலைக்கப்பட்டன. ஒரு குடும்பத்தின் கடிதத் தொடரில் கையொப்பம் நன்றாக விழுந்த ஒன்று மட்டும் இங்கே வந்து சேர, மற்றவை எங்கோ போயின. ஃபார்ஸ்டரே, டிக்கன்ஸ் தமக்கு எழுதிய கடிதங்களை வெட்டித் தம் கைப்பிரதியில் ஒட்டி அச்சுக்கு அனுப்பினார் என்பதும், அதனால் அவற்றுள் பலவற்றின் முழு வடிவம் நமக்குக் கிடைக்கவில்லை என்பதும் இலக்கிய வரலாற்றில் தீராத இழப்பு. ஆகவே ஐயா, உங்களிடம் இருப்பதைக் கலைக்காமல் காப்பது கடமை. ஆனால் இதைப் பார்த்து வேறொருவர் கத்திரிக்கோலை எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

கத்திரிக்கோல் இல்லாமலேயே இதைச் செய்ய வழியுண்டு. இதைச் சொல்லவே எழுதுகிறேன். நம் நாட்டுத் தமிழர் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் மங்கிய சில படங்களோடு அச்சாகி, ஒரே பதிப்போடு நின்றுபோனவை. 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு வந்து, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற முன்நின்ற தனிநாயகம் அடிகளார், 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, உங்கள் சுங்கை சிப்புட்டிலேயே பிறந்து தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளரைப் பங்குதாரராக்கிய துன் சம்பந்தன் ஆகியோரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்த தோட்டத்து ஆசிரியர்களும் சங்கச் செயலாளர்களும் எத்தனை பேர்! அவர்கள் வீட்டு இரும்புப் பெட்டிகளில் கடிதங்களும், அழைப்பிதழ்களும், ஸ்டுடியோவில் நின்றெடுத்த குழுப்படங்களும் இன்னும் கிடக்கின்றன. மூலத்தை அமிலமற்ற உறையில் தனியே வைத்து, அது எந்த நூலின் எந்தப் பக்கத்துக்கு உரியது, யாரிடமிருந்து, எப்போது கிடைத்தது என்று பென்சிலால் உறைமேல் குறித்துவிட்டு, நல்ல தாளில் எடுத்த நகலை மட்டும் நூலோடு சேர்த்து வைத்தால், சேகரிப்பாளரின் அறிவும் நிலைக்கும், மூலமும் சிதையாது.

கித்தாக்காட்டு வாசகர் எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தாள்நலம் அம்மா கூறியபடி சாய்வெளிச்சத்தில் பார்த்தேன். டிக்கன்ஸின் கையொப்பமுள்ளவற்றுள் ஒன்று தெளிவாகவே கல்லச்சு நகல். மை எங்கும் ஒரே கறுப்பு, மடிப்பே இல்லை. மற்றவற்றில் மை பின்புறம் தெரிகிறது, மடிப்பும் முத்திரைத் தழும்பும் இருக்கின்றன. மெக்ரெடியின் கடிதம் ஒன்று, ஃபார்ஸ்டர் மெக்ரெடியின் அமெரிக்கப் பயணத்தைக் குறிப்பிடும் பக்கத்துக்கு நேர் எதிரே இருக்கிறது; ஓரத்தில் யாரோ பென்சிலால் அந்தப் பக்க எண்ணை எழுதியிருக்கிறார். தம்பியை உட்கார வைத்து அதைக் காட்டினேன். வெட்டும் பேச்சு இப்போது இல்லை. அவரே ஈரப்பதமானி வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஓர் ஐயம். முதல் தொகுதியின் உள்ளட்டையில் பழைய புத்தக வணிகரின் சிறு சீட்டும், பெயர் பொறித்த உடைமைச் சீட்டும் ஒட்டப்பட்டுள்ளன. ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றை எடுத்துவிடலாமா?

பழநூல் அன்பர் எழுதியது:

வேண்டாம் ஐயா. நூல் யார் யார் கை மாறி உங்கள் தந்தையாரிடம் வந்தது என்பதற்கு அவைதாம் தொடக்கக் கண்ணிகள். ஓரம் தூக்கியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பசை தடவ வேண்டாம். ஆறு தொகுதிகளையும் அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கங்கள் உட்பட, இப்போதுள்ள வரிசையிலேயே படமெடுத்து வையுங்கள். நூலை முழுக்க விரிக்காமல் இருபுறமும் தலையணை போன்ற தாங்கல் வைத்து எடுங்கள். துரையின் பெயர், அவர் நாடு திரும்பிய ஆண்டு, அப்பா பணியாற்றிய தோட்டத்தின் பெயர் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி, அந்தத் தாளை நூலுக்குள் செருகாமல், பெட்டிக்குள் வையுங்கள்.