திருத்தாமல் வீடு விற்றல்: மேலதிகக் குறிப்பு

கூரை ஒழுகினாலும் சுவர் வெடித்தாலும் வன்னியில் வீட்டை இருந்தபடியே விற்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காணியைப் பற்றியவை.

கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடியேற்றத் திட்டங்களில் நிறையக் காணிகள் பெர்மிட் காணிகள், அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பெர்மிட்டை மட்டும் காட்டி நொத்தாரிசிடம் உறுதி முடிக்க ஏலாது. முற்பணம் வாங்க முன்னமே பிரதேச செயலகக் காணிப் பகுதியில் கேளுங்கள். வெறும் கடதாசியில் கையெழுத்து வைத்துக் கைமாற்றாதீர்கள், தயவுசெய்து.

உறுதி எழுதிய தனியார் காணியென்றால் காணிப் பதிவகத்தில் ஈடு, வழக்கு ஏதும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். காணிக்குப் பங்காளர் இருந்தால், வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி முதலில் அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விற்ற பிறகும் வழக்கு வரலாம்.

வெடிப்பைச் சீமெந்து பூசி மறைக்கவே வேண்டாம். தெரிந்தே மறைத்த குறைக்கு ‘உள்ளபடியே விற்கப்படுகிறது’ என்ற வாசகம் காப்பாகாது. கறையான் அரித்த கூரை வளை, இறங்கிய அத்திவாரம், கோடையில் வற்றும் கிணறு எல்லாவற்றையும் உடன்படிக்கையில் எழுதுங்கள். கையில் காசிருந்தால் வளவைத் துப்பரவாக்கி எல்லைக்கல்லைத் தெரியவையுங்கள், அது போதும்.

முத்திரைத் தீர்வை வழமையாக வாங்குபவர் பொறுப்பு: முதல் 100,000 ரூபாவுக்கு 3%, மிகுதிக்கு 4%.