குறுகிய நீர்வழியில் முந்தும்போது வேகத்தைக் குறைக்க வேண்டியவர் யார்?

சுக்கான்பிடி:
குறுகிய கால்வாய் ஒன்றில் வலக்கரையை ஒட்டி ஐந்து நாட் (மணிக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர்) வேகத்தில் சென்றுகொண்டிருந்தபோது, பின்னால் வந்த விசைப்படகு ஒன்று ஊதலும் கொடுக்காமல், வானொலியிலும் அழைக்காமல் என்னை முந்தியது. அதன் முன்பக்கம் என் படகின் பின்பக்கத்தை நெருங்கிய கணத்தில், படகைத் திருப்பும் சுக்கானின் பிடி என் கையிலிருந்து திமிறியது. என் படகின் முகப்பு தானாகவே அந்தப் படகின் பாதையை நோக்கித் திரும்பியது. இரு கைகளாலும் இழுத்துப் பிடித்தும், அது முழுவதுமாகக் கடந்துபோன பிறகுதான் என்னால் படகை நேராக்க முடிந்தது. அடுத்த படகுத்துறையில் அதை ஓட்டியவரைக் கேட்டதற்கு, நான்தான் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்றார். இதை நான் ஏற்கவில்லை. மோதல் தவிர்ப்புக்கான 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில், முந்துகிற கலமே விலகிச் செல்ல வேண்டும் என்று 13-ஆவது விதி சொல்கிறது. மற்றது தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும் என்று 17-ஆவது விதி சொல்கிறது. மெதுவாகச் செல்பவர் மீது இதற்கு மேல் என்ன கடமை இருக்கிறது?

நெடுங்கால்வாய்:
அறிவிக்காமல் முந்தியது தவறு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீங்கள் 9-ஆவது விதியை விட்டுவிட்டீர்கள். முந்தப்படும் கலம் இடம் கொடுத்தால்தான் முந்த முடியும் என்ற நிலையில், பின்னால் வருபவர் வலப்புறமாக முந்துவதானால் இரண்டு நீண்ட ஊதலும் ஒரு குறு ஊதலும், இடப்புறமாக என்றால் இரண்டு நீண்ட ஊதலும் இரண்டு குறு ஊதலும் கொடுக்க வேண்டும். முன்னால் செல்பவர் இசைந்தால் நீண்டது, குறியது, நீண்டது, குறியது என்று பதில் ஊதி, பாதுகாப்பாகக் கடந்து செல்ல வழிசெய்ய வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. இசைந்த பிறகும் வேகத்தைக் குறைக்காமல் செல்வது வழிசெய்வதாகாது.

கணக்கைப் பாருங்கள். இரண்டு படகுகளும் 12 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படகின் நீளம் பின்னாலிருந்து ஒரு படகின் நீளம் முன்னால் வரை செல்ல, முந்துபவர் மற்றவரைவிட 48 மீட்டர் கூடுதலாகச் சென்றாக வேண்டும். நீங்கள் ஆறு நாட் வேகத்திலும் அவர் ஏழு நாட் வேகத்திலும் சென்றால் இதற்கு ஏறத்தாழ 93 விநாடிகள் ஆகும். அதற்குள் அவர் 330 மீட்டருக்கு மேல் சென்றிருப்பார். நீங்கள் மூன்று நாட் வேகத்துக்குக் குறைத்து அவர் ஆறு நாட் வேகத்தில் சென்றால், 31 விநாடிகளில், நூறு மீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும். உங்கள் சுக்கானைத் திமிற வைத்த நீரழுத்தமும் அவ்வளவு குறைந்த நேரமே இருக்கும்.

பாய்மரம்:
கணக்கு சரி, ஆனால் அதில் நீரோட்டம் இல்லை. படகின் உந்துவிசிறி தள்ளும் நீரும் படகைக் கடந்து ஓடும் நீரும்தான் சுக்கானுக்கு உயிர். பின்னாலிருந்து ஓட்டம் தள்ளிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் நல்லெண்ணத்தால் இயந்திரத்தை நியூட்ரலில் போட்டால் படகு கட்டுப்பாட்டை இழந்து குறுக்கே திரும்பக்கூடும். பக்கக் காற்றும் சேர்ந்துகொண்டால் இடர் இன்னும் பெரிது. எனவே குறைக்கச் சொல்பவர்கள் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சுக்கான் கேட்கும் அளவுக்கு, அதாவது அதைத் திருப்பினால் படகு திரும்பும் அளவுக்கு, குறைக்கலாம், அதற்குக் கீழே ஒருபோதும் கூடாது.

சுக்கான்பிடி:
நான் சொல்ல வந்ததும் இதுதான். அந்த அளவு எது என்பது படகை ஓட்டுபவருக்கு மட்டுமே தெரியும். பின்னால் வருபவர் அதை எதிர்பார்க்கலாம், ஆனால் உரிமையாகக் கேட்க முடியாது.

கரையோரம்:
கரையில் கட்டிய படகிலேயே வசிப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் ஓடும் படகுகளை மட்டுமே பார்க்கிறீர்கள். முந்துபவர் வேகத்தைக் கூட்டினால் அந்த அலை எங்கள்மீதுதான் விழுகிறது. அலையின் உயரம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஒருமுறை அப்படி வந்த அலையில் எங்கள் பின்கயிறு விறைத்து, கட்டியிருந்த முளையே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்த நேரத்தில் என் மகன் கரைக்கும் படகுக்கும் இடையே இருந்த பலகையில் ஒரு காலை வைத்திருந்தான். கட்டிய படகுகள் உள்ள பகுதியில் முந்தவே கூடாது என்பதே என் கருத்து. முந்தியே ஆக வேண்டும் என்றால், முன்னால் செல்பவர் வேகத்தைக் குறைப்பதைத் தவிர அலையைச் சிறியதாக வைக்க வேறு வழி இல்லை.

நெடுங்கால்வாய்:
இதை முழுமையாக ஏற்கிறேன். சுக்கான்பிடியின் படகைத் திருப்பிய ஈர்ப்பு கப்பல்களுக்கும் உண்டு என்பதை 1911 செப்டம்பர் 20 அன்று இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணையில் ஒலிம்பிக் பயணிகள் கப்பலும் ஹாக் போர்க்கப்பலும் மோதிய வழக்கு காட்டியது. அருகருகே சென்ற ஹாக் பெரிய கப்பலின் பக்கம் இழுக்கப்பட்டது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றது. கால்வாயில் ஆழமும் அகலமும் குறைவு என்பதால் சிறிய படகுகளும் இதற்குத் தப்புவதில்லை.

சுக்கான்பிடி:
அலையைப் பற்றிய கருத்து என்னை யோசிக்க வைத்தது. என் ஐந்து நாட் வேகத்தைப் பிடிவாதமாக வைத்திருந்தால் அதன் விலையைக் கரையில் இருப்பவர் கொடுப்பார் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எனவே என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். முறையாக ஊதலோ வானொலி அழைப்போ வந்து, நீர்வழி நேராகவும் எதிரே வருபவர் தெரியும்படியும் இருந்தால், நான் இசைவு ஊதிவிட்டுச் சுக்கான் கேட்கும் வேகத்துக்குக் குறைப்பேன். அறிவிக்காமல் வருபவருக்கு இது பொருந்தாது. எனக்கு ஐயம் இருந்தால் ஐந்து குறு ஊதல்களை விரைவாக ஊதுவேன். அதைக் கேட்டவர் பின்னாலேயே காத்திருக்க வேண்டும். முந்தி முடித்து முற்றிலும் விலகும்வரை விலகிச் செல்லும் பொறுப்பு அவருடையதே. என் இசைவு அதை என் தலைமேல் ஏற்றிவிடாது.

பாய்மரம்:
வளைவுக்கு முன்பாக யாருக்கும் இசைவு கொடுக்காதீர்கள். வளைவின் மறுபக்கத்திலிருந்து வரும் நீண்ட ஊதல், நெடுங்கால்வாயின் கணக்கில் வந்த அந்த 93 விநாடிகளுக்கு நடுவில் கேட்டால், மூன்று படகுகளுக்கும் ஒதுங்க இடம் இருக்காது.