பாபநாசம் வீட்டு குரூப்: பின் ஆக்சில் புஷ்

சின்னவன்: மாமா பின் ஆக்சில்ல ரெண்டு பக்கமும் புது ரப்பர் புஷ் போட்டாச்சு, போல்ட்டெல்லாம் கையால மாட்டி வச்சிருக்கேன். வண்டி ஸ்டாண்டு மேல தூக்கித்தான் நிக்குது, இப்படியே ஃபுல்லா டைட் பண்ணிட்டு இறக்கிடவா?

மன்னார்குடி மாமா: வேணாம் மாப்ள, நிறுத்து

மன்னார்குடி மாமா: வீல் தொங்குறப்ப முறுக்கவே கூடாது. புஷ்ல உள்ள ஒரு இரும்புக் குழாய், வெளிய ஒரு வளையம், நடுவுல ரப்பர் ரெண்டுலயும் ஒட்டியிருக்கும். போல்ட் முறுக்குனா உள்குழாய் பிராக்கெட்டோட இறுகி நின்னுரும், அதுக்கப்புறம் ஆக்சில் ஏறி இறங்குறப்பல்லாம் ரப்பர்தான் முறுகிக் குடுக்கணும். தொங்குனபடி இறுக்கிட்டா இறக்குன உடனே ரப்பர் முறுகிரும், வண்டி சும்மா நிக்கிறப்பவும் முறுகியேதான் இருக்கும், சீக்கிரம் கிழிஞ்சிரும். போட்ட காசு வீண்டா

சின்னவன்: கீழ இறக்குனா ஸ்பேனர் உள்ள போகாதே மாமா

அத்தை: ஜாக்கிய மட்டும் நம்பி அடியில படுக்காத தம்பி

சின்னவன்: ஸ்டாண்டு போட்ருக்கேன் அத்தை, நெல்லு காயப்போடுற சிமெண்ட் களத்துலதான் நிறுத்திருக்கேன்

மன்னார்குடி மாமா: நல்லது, நம்ம வண்டல் மண்ணுல ஜாக்கி அப்படியே இறங்கிரும். முன் வீலுக்கு கட்டை குடு. இப்ப வீல மாட்டி ஒருதடவை தரையில இறக்கு, ஓட்டாத, பின்னாடி நாலு அமுக்கு அமுக்கி விடு. வீல் நடுவுலேருந்து மேல ஃபெண்டர் (மட்கார்டு) விளிம்பு வரை டேப் வச்சு அள, ரெண்டு பக்கமும். அப்புறம் திரும்ப தூக்கி ஸ்டாண்டுல வச்சு, ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி குடுத்து அந்த அளவு வர்ற வரைக்கும் ஏத்து. அந்த நிலையிலதான் கடைசி டைட்டு

மன்னார்குடி மாமா: ஏத்துறப்ப பாடி ஸ்டாண்ட விட்டு எழும்புனா உடனே ஏத்துறத நிறுத்திட்டு ஜாக்கிய மெதுவா இறக்கிரு. அப்ப நாலு வீலுக்கும் அகலமான கெட்டிப் பலகை வச்சு அது மேல இறக்கி டைட் பண்ணு, செங்கல் ஹாலோ பிளாக்கெல்லாம் வைக்காத, நொறுங்கிரும்

தஞ்சாவூர் அண்ணன்: எங்கிட்ட காத்துல போல்ட் முறுக்குற ஏர் கன் இருக்கு எடுத்துட்டு வரவாடா

மன்னார்குடி மாமா: கழட்ட கன் போதும்ப்பா, கடைசி முறுக்கு டார்க் ரெஞ்ச்தான், அதான் இறுக்கத்த அளந்து முறுக்குற ஸ்பேனர். எவ்ளோ நியூட்டன் மீட்டர்னு அந்த மாடல் மேனுவல்ல பாரு, வேற வண்டி நம்பர் ஆகாது. பழைய மேனுவல்ல கிலோகிராம்-மீட்டர்னு (kgf·m) போட்ருந்தா 9.8ஆல பெருக்கிக்க. நைலான் வளையம் உள்ள நட்டுன்னா புதுசு போடு. மரைக்கு ஆயில் விடாத, அதே டார்க்குக்கு போல்ட் கூடுதலா இழுபட்டுரும்

சின்னவன்: ஷாக் அப்சர்பர் கீழ் போல்ட்டும் இப்படியா மாமா?

மன்னார்குடி மாமா: அங்கயும் ரப்பர் புஷ்தான, அதே மாதிரிதான். மேல் நட்டு முறுக்குறப்ப ஷாக் அப்சர்பரோட பளபளன்னு இருக்குற கம்பிய குறடு வச்சு பிடிச்சிராத, கீறல் விழுந்தா சீல் போய் ஆயில் கசியும்

சின்னவன்: சரி மாமா, அளந்துட்டு சொல்றேன்

மன்னார்குடி மாமா: முறுக்கி முடிச்ச போல்ட் மேல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு ஃபோட்டோ அனுப்பு, பிரேக் ஹோஸும் (பிரேக் ஆயில் போற குழாய்) தெரியணும்