வாய் வெண்படலம்: உங்கள் ஊர்ச் சொல் தேவை

வணக்கம். முதியோரைப் பராமரிக்கும் யாழ்ப்பாண வீடுகளுக்காக, கன்டிடா பூஞ்சணத்தால் வாயில் வரும் வெண்படலம் பற்றி ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் தயாரிக்கிறோம். உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வார்கள்? 'அக்கரம்' என்றால் வாய்ப்புண் என்றுதான் விளங்குமா? கோப்பாய், வேலணை, பருத்தித்துறைப் பக்கத்தவர்கள் கட்டாயம் எழுதுங்கோ.

எழுதியிருப்பதையும் பார்த்துத் திருத்துங்கோ. ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் படலம் உரிந்து வரும். கீழே சிவந்திருக்கும், சிலவேளை இரத்தம் கசியும். கட்டுப்பல்லின் கீழ் வெள்ளையே இல்லாமல் சிவப்பு மட்டும் இருக்கலாம். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு வேறு விஷயம். வெற்றிலை, புகையிலை போடுபவரென்றால் உடனே பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முட்டுக்கு (ஆஸ்துமாவுக்கு) ஸ்டீரொயிட் பம்ப் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கட்டுப்பல்லை இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். சீனி வருத்தம் கட்டுப்படாவிட்டால் படலம் திரும்பத் திரும்ப வரும்.

பூஞ்சணத்துக்கான மருந்தான நிஸ்டாட்டின் திரவத்தை வைத்தியர் சொன்ன அளவில், வழக்கமாக நாளுக்கு 4 தரம், சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் இயன்றவரை வைத்திருக்க வேண்டும். உடனே தண்ணீர் குடித்தால் மருந்து கழுவுப்பட்டுவிடும். படலம் மறைந்த பிறகும் 2 நாள் தொடர வேண்டும். இடையில் நிறுத்துவதால்தான் பலருக்கு மீண்டும் வருகிறது.

மூடியுள்ள கட்டுப்பல் பெட்டிகள் தரக்கூடியவர்களும் அறிவியுங்கோ.